பாதியில் பூட்டிய சத்தம்

"திரும்பாதீங்க அண்ணி, ஆளு வந்துட்டான்" என்று துப்பறிவாளர் தன் சட்டைப் பொத்தானுக்குக்கூடக் கேட்காத மெல்லிய குரலில் கிசுகிசுத்தார். அதாவது, அப்படிக் கிசுகிசுத்ததாக அவர் நினைத்துக்கொண்டார்.

நூலகத்து வாசிப்புக் கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. செய்தித்தாளைப் போர்த்திக்கொண்டு தூங்கிய பெரியவர் திடுக்கிட்டு எழுந்து, "யாரு வந்தது?" என்றார். நூலகர் பேனாவின் பின்பக்கத்தால் மேசையைத் தட்டினார். வாசலில் நின்ற அந்த 'ஆளு'ம் திரும்பினான். திரும்பாதவர் அண்ணி ஒருவர்தான்.

"நான் திரும்பல தம்பி" என்றார் அண்ணி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அதான் மத்தவங்க எல்லாரும் திரும்பிட்டாங்களே, எனக்கும் சேர்த்து."

"கூரை ரொம்ப உசரம். அதான் எதிரொலிக்குது."

அண்ணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். இது அதிசயம். அண்ணி வாய்வரை வந்த பேச்சை முழுங்கி யாரும் பார்த்ததில்லை.

அவர் துப்பறிவாளருக்கு அண்ணன் மனைவி. அண்ணன் காலமாகிவிட்டார். அண்ணி நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்த்து, அடுத்தவர் பொய்களைக் கேட்டுக் கேட்டு அடித்து விரல் தேய்ந்து, ஓய்வு பெற்ற மறுவாரமே கொழுந்தனாரின் ஆபீசில் உதவியாளராக வந்து உட்கார்ந்துவிட்டார். "வீட்ல சும்மா இருந்தா சீக்கிரம் செத்துடுவேன். இங்க இருந்தா சிரிச்சுக்கிட்டே சாவேன்" என்பதுதான் அவர் கொடுத்த வேலை விண்ணப்பம்.

வாசலில் நின்றவன் நேராக அவர்கள் மேசைக்கே வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் பாதிப் பங்குக்காரன். மறுபாதிக்குச் சொந்தக்காரரான, துப்பறிவாளரை அமர்த்திய அம்மாவுக்குத் தெரியாமல் கடையை மூன்றாவது ஆளுக்குக் கைமாற்ற இன்று இந்தக் கூடத்தில் ஒருவரைச் சந்திப்பதாகப் போனில் பேசியிருந்தான். அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு துப்பறிவாளரிடம் இருந்தது. அவனைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் இன்றைய திட்டம்.

"வாங்கறவர் வரமாட்டார் சார். வேணாம்னு சொல்லிட்டேன்" என்றான் கூட்டாளி.

"யாரு? என்ன? நான் புஸ்தகம் படிக்க வந்தேன்."

கூட்டாளி அவர் கையில் இருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்தான். 'பிரசவத்துக்கு முன்னும் பின்னும்.'

"வாழ்த்துகள்" என்றான். "நான் போன்ல பேசினத எடுத்துவெச்சு, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டீங்களே, என் குரல் அவ்வளவு நல்லாவா இருக்கு?"

எழுந்து போய்விட்டான். துப்பறிவாளருக்கு அசடு வழிந்தது. ஆனால் கண் மட்டும் தன் வேலையைச் செய்தது. அவருடைய கண் எந்த அவமானத்திலும் வேலையை நிறுத்தியதில்லை. போகிறவனின் பேன்ட் புதிது. இடது கால் மடிப்பு நேர்த்தியாகத் தைத்திருந்தது. வலது காலில் எட்ட எட்டப் போட்ட ஆரஞ்சு நூல் ஓட்டுத் தையல்.

"தையல் முடியறதுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கிளம்பியிருக்கான்" என்றார்.

நூலகர் மறுபடியும் மேசையைத் தட்டினார்.

●

கண்ணாடிக் கடை அம்மா அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. சுவர் முழுக்கக் காலிச் சட்டங்கள், கண்ணில்லாத நூற்றுக்கணக்கான முகங்கள் மாதிரி, துப்பறிவாளரையே முறைத்துக்கொண்டிருந்தன.

"அந்த ரெக்கார்டிங் விஷயம் யார் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். உங்க ரெண்டு பேருக்குத் தெரியும். அப்புறம், போனை ஒளிச்சுவெச்சு ரெக்கார்டு பண்ணின என் கடைப் பொண்ணுக்குத் தெரியும். நான் சொல்லல. நீங்க சொன்னீங்களா?"

"அம்மா, எங்க தொழிலே வாயை மூடிக்கிட்டு இருக்கறதுதான்."

"அப்போ மிச்சம் அவதான்." அம்மா கண்ணாடித் துணியை நான்காக மடித்து வைத்தார். "சாயங்காலம் கடை சாத்தும்போது அவளுக்கும் கணக்கு முடிச்சுடுவேன். அவ கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்து எங்கிட்ட இருக்கா. என் பொண்ணு மாதிரின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். எனக்கு வேணும்."

அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது.

உள்ளறையில் லென்ஸ் பொருத்தும் பெண் ஒரு சட்டத்தை விளக்கடியில் பிடித்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். அழுது முடித்த கண். கை மட்டும் நடுங்கவில்லை. துப்பறிவாளரைப் பார்த்ததும் எழுந்து, அவர் முகத்திலிருந்த கண்ணாடியை அனுமதி கேட்காமல் கழற்றினாள்.

"மூக்குல நிக்கவே இல்ல சார் இது. வந்த அன்னிக்கே பார்த்தேன்."

"நீ சொன்னியாம்மா?"

"காட்டிக் குடுக்கணும்னா எதுக்கு சார் ரெக்கார்டு பண்ணணும்? இதை அவங்ககிட்ட சொன்னா, அழுது நடிக்கறேன்னு சொல்றாங்க. நீங்க கண்டுபிடிச்சு சொன்னா நம்புவாங்க." கம்பியைச் சூடுகாட்டி வளைத்தபடி சேர்த்துக்கொண்டாள்: "கடை சாத்தறதுக்குள்ள."

அவருக்குப் பின்னால் போய் நின்று கண்ணாடியை மாட்டி, காதோரம் அழுத்திப் பார்த்தாள். சற்று நேரம் கழித்து முன்னால் வந்தாள்.

"இறுக்கமா இருக்கான்னு கேட்டேன் சார்."

"அவரு யோசனையில இருக்காரும்மா" என்றார் அண்ணி முந்திக்கொண்டு. "யோசனை வந்துட்டா ரயில் மேல ஏறினாலும் தெரியாது."

●

ஆபீஸ் ஒரு தையல்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. இரண்டு மேசை, மூன்று நாற்காலி, மூடவே மூடாத ஒரு ஜன்னல். மூன்றாவது நாற்காலி வாடிக்கையாளருக்கு. அதில் பெரும்பாலும் அண்ணியின் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும்.

துப்பறிவாளர் பென் டிரைவைச் செருகினார். அவர் எண்ணம் எளிமையானது. பதிவில் அந்தப் பெண் தும்மியோ, நாற்காலியை நகர்த்தியோ இருந்தால், கூட்டாளி அப்போதே உஷாராகியிருப்பான். யாரும் யாரையும் காட்டிக் கொடுத்திருக்கவே வேண்டியதில்லை. பெண் பிழைத்துவிடுவாள்.

பதிவு ஓடியது. திரையில் கோடுகள் குதித்தன. சத்தம் மட்டும் யாரோ கம்பளிக்குள் படுத்துக்கொண்டு முனகுவது மாதிரி வந்தது.

மூலையில் இருந்த ஸ்பீக்கர் படத்தைத் தட்டினார். போன வாரம்வரை ஒரு தட்டுத் தட்டினால் ஒரு பட்டை எழுந்து நிற்கும். அதைப் பிடித்து உச்சிக்கு இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. இன்று ஒன்றும் எழவில்லை. இரண்டு தட்டு. ஒன்றும் இல்லை. வலது பக்கம், இடது பக்கம், மேலே, கீழே. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அது நிதானமாக எழுந்து, எல்லாப் படங்களையும் வரிசையாகக் காட்டி, ஸ்பீக்கர் படத்தைத் தொட்டதும் மறுபடியும் ஊமையாகிவிட்டது.

மேசையில் இருந்த ஸ்பீக்கரிலேயே சத்தத்தைக் கூட்டலாம்தான். அதன் குமிழை அவரே இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருகி, கையோடு பிடுங்கி எடுத்திருந்தார். அது இப்போது காகிதங்கள் பறக்காமல் இருக்க உதவிக்கொண்டிருந்தது. ஹெட்போன் கம்பியை எலி கடித்துவிட்டது.

"வால்யூம் திறக்கல அண்ணி."

"பழைய கம்ப்யூட்டர் தம்பி. நம்மள மாதிரிதான். தோணினா திறக்கும், தோணலன்னா திறக்காது."

"மத்த எல்லாம் திறக்குதே? சீட்டாட்டம் திறக்குது. கடிகாரம் திறக்குது. நீங்க போன வருஷம் டைப் பண்ணிட்டு அழிச்ச சமையல் குறிப்புகூடக் குப்பைத்தொட்டியில திறக்குது."

"வைரஸா இருக்கும்."

"வைரஸுக்கு வால்யூம் மேல மட்டும் என்ன பகை?"

அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே பார்க்க ஒரு மின்கம்பமும் அதில் ஒரு காகமும்தான் உண்டு. இருந்தும் வெகு நேரம் பார்த்தார்.

துப்பறிவாளர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். அறை சிறியது என்பதால் நடப்பதைவிடத் திரும்புவதுதான் அதிகம்.

"யாரோ உள்ள வந்திருக்காங்க. இந்தப் பதிவைப் போட்டுக் கேட்டிருக்காங்க. அப்புறம் நாம கேக்கக் கூடாதுன்னு வால்யூமைப் பூட்டிட்டுப் போயிருக்காங்க. எழுதி வெச்சுக்குங்க அண்ணி. வால்யூமைப் பூட்டின ஆளுக்குப் பதிவு தெரியும். அந்த ஆளைப் பிடிச்சா, அந்தப் பொண்ணு வேலை தப்பிச்சுது."

"எழுதிக்கல" என்றார் அண்ணி.

"ஏன்?"

"பேனா இல்ல."

பேனா அவர் கொண்டையில் செருகியிருந்தது. துப்பறிவாளர் அதைப் பார்த்தார். இந்த வயதில், இந்த மதியத்தில், இன்னும் ஒரு ஆளுடன் வாக்குவாதம் செய்ய அவரிடம் தெம்பு இல்லை. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவனுக்குப் போன் போட்டார்.

●

பழுது பார்ப்பவனை அந்தத் தெருவில் எல்லாரும் ஸ்குரு என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்குரு டிரைவர் இருக்கும். வீட்டுக் குழாயிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டைவரை எதுவாக இருந்தாலும் முதலில் அதை எடுத்து ஒரு தட்டுத் தட்டுவான். பிள்ளை குட்டிக்காரன், பயந்த சுபாவம்.

உள்ளே வந்ததும் அவன் கும்பிட்டது துப்பறிவாளரை அல்ல, அண்ணியை. இது முதல் விஷயம். துப்பறிவாளர் குறித்துக்கொண்டார்.

ஸ்குரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். விரல்கள் கடகடவென்று ஓடின. திரை திறந்தது. பதிவைப் போட்டுப் பார்த்தான். தலையை ஒருபக்கம் சாய்த்து, இதமான பாட்டுக் கேட்பவன் மாதிரி கேட்டான்.

"கேக்குதா உனக்கு?" என்றார் துப்பறிவாளர்.

ஸ்குரு அண்ணியைப் பார்த்தான். அண்ணி காகத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம்... கம்மிதான் சார்."

"அந்த ஸ்பீக்கர் படம் ஏன் திறக்க மாட்டேங்குது?"

"அது வந்து சார், இந்த சவுண்டு டிரைவர்னு ஒண்ணு இருக்கு. அது ஒரு சர்வீஸைக் கூப்பிடும். அந்த சர்வீஸ் இன்னொன்னைக் கூப்பிடும். நடுவுல யாராவது ஒருத்தர் போனை எடுக்கலன்னு வைங்க..."

"நேரா சொல்லுப்பா. கெட்டுப்போச்சா, இல்லையா?"

"கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியாது சார்."

"அப்போ நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னும் சொல்ல முடியாது."

"நீ தேர்தல்ல நில்லுப்பா, ஜெயிச்சுடுவே."

ஸ்குரு சிரிக்க முயன்றான். நெற்றியில் வியர்வை. துப்பறிவாளர் அவன் தோள் மேல் கை வைத்தார். களைத்த கைதான், ஆனால் பழைய தொழில்காரரின் கை.

"ஸ்குரு. வந்து உட்கார்ந்ததும் பாஸ்வேர்டு அடிச்சே. என்னன்னு எங்கிட்ட கேக்கவே இல்லையே?"

"பழக்க தோஷம் சார். எப்பவும் இதுதானே..."

"போன வாரம்தான் மாத்தினேன்."

ஸ்குரு டிரைவர் பையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அதை எடுக்க யாரும் குனியவில்லை.

"நான்தான் சார் பண்ணேன்" என்றான் ஸ்குரு, தரையைப் பார்த்து. "சத்தத்தைப் பாதியில நிறுத்திட்டு, வால்யூம் திறக்குற புரோகிராமுக்குப் பேரை மாத்தி உள்ள ஒளிச்சு வெச்சேன். எதையும் கெடுக்கல சார், சத்தியமா. திரும்ப வெச்சா அப்படியே வேலை செய்யும். ஆனா யார் பண்ணச் சொன்னாங்கன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேக்கல" என்றார் துப்பறிவாளர். "புதுப் பாஸ்வேர்டு இந்த உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் நான்."

அண்ணி மெதுவாகத் திரும்பினார்.

"தூசி தட்ட வரச் சொன்னேன்."

"தூசி."

"ஆமா. நிறைய இருந்துது."

ஸ்குரு கருவியைப் பொறுக்கிக்கொண்டு, கூலியைக்கூட மறந்து படியிறங்கிவிட்டான்.

வால்யூமைப் பூட்டின ஆளுக்குப் பதிவு தெரியும். அந்த வாக்கியத்தை அவரே சொல்லியிருந்தார். எத்தனையோ வழக்குகளில், கடைசியில் குற்றவாளி வீட்டு மனிதராக இருந்தபோது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த மூன்றாவது நாற்காலியில் உட்காரும்போது எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை. கைப்பையை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, அதில் உட்கார்ந்தார்.

"எதுக்கு அண்ணி?"

"முதல்ல அந்தப் பொண்ணு விஷயத்தைப் பாருங்க தம்பி. கடை சாத்திடுவாங்க. கம்ப்யூட்டர் எங்க ஓடிப் போகுது?"

"அந்தக் கூட்டாளிகிட்ட நீங்க..."

"தம்பி!" அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. "அந்தப் பொண்ணு தலை மேல ஆணை, இல்ல."

"அப்புறம் எதுக்குப் பூட்டினீங்க?"

அண்ணி வாயைத் திறந்தார். இன்று இரண்டாவது முறையாக அதை மூடிக்கொண்டார். துப்பறிவாளர் எழுந்து, படியிறங்கிக் கீழே போனார். காற்று வேண்டியிருந்தது.

●

தையல்காரர் மிஷினை மிதித்துக்கொண்டே, "வாங்க சார்!" என்று கத்தினார். அவர் எப்போதும் கத்தித்தான் பேசுவார். மிஷின் சத்தத்தில் பழகியவர், பாவம், என்று துப்பறிவாளர் பரிதாபப்படுவதுண்டு.

"அந்த ரெண்டு சம்சாரக்காரர் வழக்கு என்ன ஆச்சு சார்? முதல் சம்சாரம் ஒத்துக்கிட்டாங்களா?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மிஷின் நின்றது. "அது... எல்லாரும் பேசிக்கறாங்க."

"யாரு?"

"காத்து வாக்குல வர்றதுதானே சார்."

துப்பறிவாளரின் பார்வை மேசை மேல் நின்றுவிட்டது. அங்கே ஒரு பெரிய நூற்கண்டு. ஆரஞ்சு நிறம். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. கொடியில் தொங்கிய சட்டைகளின் கையில், கழுத்தில், ஓரங்களில், எங்கெல்லாம் தற்காலிகமாக ஓட்டுத் தையல் இருந்ததோ அங்கெல்லாம் அதே ஆரஞ்சு.

"இந்த நூல் என்ன இப்படிப் பளிச்சுன்னு இருக்கு?"

"மலிவா வந்துது சார், மொத்தமா வாங்கிப் போட்டுட்டேன். ஆரஞ்சுத் துணி எவன் தைக்கக் குடுக்கறான்? ஓட்டுத் தையலுக்கு ஓடுது. இந்தத் தெருவுல வேற எவன்கிட்டயும் இந்த நூல் இல்ல." இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பின்னால் அண்ணி வந்து நின்றதை, தையல்காரரின் கண் போன திசையை வைத்துத் துப்பறிவாளர் தெரிந்துகொண்டார்.

"போன வாரம் ஒருத்தர் பேன்ட் கால் மடிக்கக் குடுத்தாரா? சாம்பல் நிறம். ஒரு காலை முடிச்சீங்க. இன்னொரு கால்ல ஓட்டுத் தையல் மட்டும் போட்டீங்க. முடிக்கறதுக்குள்ள வாங்கிட்டுப் போயிட்டார்."

"மந்திரம் போட்டுப் பார்த்த மாதிரி சொல்றீங்களே! ஆமா சார். இங்கதான் நின்னுட்டிருந்தார். நல்லாத்தான் பேசிட்டிருந்தார். திடீர்னு முகம் செத்துப்போச்சு. பேன்ட்டை மிஷின்லேருந்து பிடுங்காத குறை. ஓடிட்டார்."

"ஏன்?"

தையல்காரர் அண்ணியைப் பார்த்தார். இன்று இந்தத் தெருவே பதில் சொல்லுமுன் அண்ணியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லும் போலிருந்தது.

"சொல்லுங்க" என்றார் அண்ணி. அவருக்கும் இது புதிய செய்தி. அது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"மேல பார்த்தார் சார்."

"மேல என்ன?"

"உங்க ஜன்னல்." தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, கையில் சுற்றி, மறுபடியும் பிரித்தார். "அங்கேருந்து ஒரு ஆம்பளைக் குரல் பேசிட்டிருந்துது. கடையை வித்துடறேன், நூலகத்துக்கு வா, அப்படின்னு. பேசி முடிச்சதும் மறுபடியும் முதல்லேருந்து அதையே பேசுச்சு. ரெண்டாவது தடவைதான் நான் கவனிச்சேன்... மேல பேசற குரலும் எனக்கு முன்னாடி நிக்கறவர் குரலும் ஒரே குரல் சார்."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. துப்பறிவாளர் அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். துரோகி கிடைத்துவிட்டான். துரோகி காலையில் பிரசவப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான்.

"நான் சாதாரணமாத்தானே வெச்சுக் கேட்டேன்?"

"சாதாரணம்தான் சார்" என்றார் தையல்காரர் அவசரமாக. "ஜன்னல் திறந்திருக்கு பாருங்க. அதுவும் அன்னிக்குக் காத்து இந்தப் பக்கம்."

●

கண்ணாடிக் கடை அம்மா போனை எடுத்ததும் துப்பறிவாளர் சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, அந்தப் பொண்ணு சொல்லல. உங்க கூட்டாளி எங்க ஆபீஸுக்குக் கீழ பேன்ட் தைக்க வந்த நேரத்துல நான் மேல பதிவைப் போட்டிருக்கேன். தெருவுக்கே கேட்டிருக்கு. அவன் குரலை அவனே கேட்டுட்டான். காட்டிக் குடுத்தது நான்தான். வேலையை விட்டு நிறுத்தணும்னா என்னை நிறுத்துங்க. அவகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க, நான் சொன்னா நல்லா இருக்காது."

எதிர்முனையில் என்ன பேசினார்கள் என்பது ஒரு முணுமுணுப்பாகத்தான் வந்தது. போன் பழசு. அண்ணி கை நீட்டினார். அவர் கொடுத்தார். அண்ணி கேட்டார், "ம்" என்றார், "ம்ம்" என்றார், வைத்தார்.

"என்ன சொன்னாங்க?"

"முதல்ல போனைக் கீழ வெச்சுட்டு உள்ள போனாங்க. ரெண்டு பேரும் அழற சத்தம் கேட்டுது. அப்புறம் வந்து, கூட்டாளி பயந்துபோய் வாங்கறவனையே விரட்டிட்டதால கடை தப்பிச்சுது, அதனால உங்களைத் திட்டறதா வாழ்த்தறதான்னு தெரியலன்னாங்க. இனிமே உங்க ஆபீஸுக்கு ஒலிப்பதிவு மட்டும் கொண்டுவர மாட்டாங்களாம்."

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. இருவரும் படியேறினார்கள். அண்ணி முன்னால் போனார். ஒவ்வொரு முறை பேசும்போதும் நின்று, திரும்பி, அவர் முகத்துக்கு நேராகப் பேசினார். இதை அவர் வருஷக்கணக்காகப் பார்த்து வந்திருக்கிறார். நீதிமன்றத்துத் திமிர் என்றே நினைத்து வந்திருக்கிறார். இன்றுதான் அந்தத் திரும்பலைக் கவனித்தார். வாசிப்புக் கூடத்தின் கூரையை நினைத்தார். பின்னால் நின்று கேட்ட பெண்ணை நினைத்தார். கத்திப் பேசும் தையல்காரரை நினைத்தார். கையோடு வந்த குமிழை நினைத்தார். துப்புகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றுகொண்டன. இத்தனை துப்புகள் ஒரே ஆளைச் சுட்டிய வழக்கை அவர் இதுவரை பார்த்ததில்லை.

அறைக்குள் வந்ததும் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எதுக்குப் பூட்டினீங்க அண்ணி?"

"கீழ தையல்காரர் வந்து சத்தம் வருதுன்னார். யார் கேட்டாங்கன்னு அப்போ அவரும் சொல்லல, எனக்கும் தெரியாது. சரி, கொழுந்தனார் பெருமையைத் தெரு இலவசமாக் கேக்க வேணாமேன்னு..."

"அண்ணி." அவர் கையை உயர்த்தினார். "காலையில நானே கூரைன்னு சொல்லிக்கிட்டேன், நீங்க யோசனைன்னு சொன்னீங்க, வைரஸுன்னு சொன்னீங்க, தூசின்னு சொன்னீங்க. அவன் டிரைவர்ங்கறான், இவர் காத்துங்கறார். இன்னிக்கு ஒருத்தர்கூட எனக்கு நேரா ஒரு பதில் சொல்லல. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. துப்பறியறவன் நான் ஒருத்தன், எனக்கு மட்டும் தெரியல."

அண்ணியின் முகத்தில் வழக்கமாக ஒரு கிண்டல் குடியிருக்கும். அது எழுந்து வெளியே போய்விட்டது. அவர் தன் நாற்காலியை இழுத்து, அவருக்கு எதிரே, முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தார்.

"உங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நான் சொல்லல. ரோஷக்காரர், மனசு உடைஞ்சுடுவார்னு விட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டினார், விட்டேன். கூப்பிட்டா திரும்பல, விட்டேன். கடைசி வருஷம் நாங்க பேசிக்கவே இல்ல தம்பி. சண்டை ஒண்ணும் இல்ல. அவருக்குக் கேக்கல, எனக்குக் கத்தப் பிடிக்கல. அவ்வளவுதான். உங்க விஷயத்துலயும் அதையேதான் பண்ணியிருக்கேன். சொல்றதுக்குப் பதிலா ஸ்குருவைக் கூப்பிட்டேன். அதனால ஒரு பொண்ணு வேலை போகப் பார்த்துது."

"அப்போ எனக்கு?"

ஜன்னல் வழியே கீழே மிஷின் ஓடும் சத்தம் வந்திருக்க வேண்டும். அவருக்கு அது கேட்கவில்லை. அண்ணியின் உதடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி குரலை உயர்த்தவில்லை.

"உங்களுக்குக் காது கேக்கல தம்பி. இடது காது போயிடுச்சு. வலதுல பாதிதான் இருக்கு. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம்."